வயிற்று ஸ்கேனா, உள் ஸ்கேனா, எம்ஆர்ஐயா? ஆழமான எண்டோமெட்ரியோசிஸைக் காட்டுவது எது?

தர்மபுரியில் ஸ்கேன் என்றாலே எல்லோருக்கும் கர்ப்பம்தான் நினைவுக்கு வரும். சுவரில் 'ஆணா பெண்ணா எனச் சொல்லமாட்டோம்' என்ற பலகை, கையில் தண்ணீர் பாட்டில், "யூரின் முட்டினதும் சொல்லுங்கம்மா" என்ற குரல். மாதவிலக்கு வலிக்காக என் அக்கா அப்படி மூன்று முறை தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்தாள். மூன்று முறையும் ரிப்போர்ட் நார்மல்.

வயிற்றின் மேல் ஜெல் தடவி எடுக்கும் அந்த ஸ்கேனை நான் போட்டியிலேயே சேர்க்கமாட்டேன். சினைப்பையில் பழைய ரத்தம் நிறைந்த பெரிய 'சாக்லேட் கட்டி' இருந்தால் அதில் தெரியலாம். ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் வேறு கதை. கர்ப்பப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு, வயிற்றின் உள்ளுறைக்குக் கீழே 5 மில்லிமீட்டருக்கு மேல் வேரோடி, மலக்குடலையோ சிறுநீர்ப்பையையோ பிடித்துக்கொள்ளும். ஒன்றுக்கு மட்டும் வயிற்று ஸ்கேன் வேண்டும்: கிட்னியிலிருந்து வரும் சிறுநீர்க்குழாய் நெருக்கப்பட்டால் வலியே இல்லாமல் கிட்னி வீங்கலாம், அதைப் பார்த்துவிடலாம்.

நிஜப் போட்டி உள் ஸ்கேனுக்கும் (பிறப்புறுப்பு வழியாகக் கருவியை உள்ளே வைத்து எடுப்பது) எம்ஆர்ஐக்கும்தான். மலக்குடல் பகுதியில் பரவியதைக் கண்டுபிடிப்பதில், 2016இல் வந்த கோக்ரேன் தொகுப்பாய்வின்படி, நோய் அங்கே இருக்கும் நூறு பேரில் உள் ஸ்கேன் சுமார் 90 பேரையும் எம்ஆர்ஐ சுமார் 92 பேரையும் கண்டுபிடிக்கிறது. கிட்டத்தட்ட சமம். என் ஓட்டு உள் ஸ்கேனுக்கு. செலவு குறைவு என்பதால் மட்டுமல்ல, அது அசைவைக் காட்டும். டாக்டர் கருவியால் மெல்ல அழுத்தும்போது கர்ப்பப்பையும் குடலும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். வழுக்காமல் சேர்ந்தே நகர்ந்தால் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். அழுத்தும்போது எங்கே சுருக்கென்கிறதோ அதுவும் ஒரு துப்பு. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். சிறுநீரையும் முழுக்கக் கழித்துவிட வேண்டாம். கொஞ்சம் இருந்தால்தான் சிறுநீர்ப்பைச் சுவர் நன்றாகத் தெரியும்.

ஆனால் எடுப்பவர் கை முக்கியம். கர்ப்பப்பையையும் சினைப்பையையும் அளந்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் முடிக்கும் சாதா உள் ஸ்கேனில் இது தப்பிவிடும். கர்ப்பப்பை, சினைப்பை, வலிக்கும் இடம், வழுக்கல், முன்னும் பின்னும் ஆழக் கட்டிகள் என்று வரிசையாகத் தேட வேண்டும்.

எம்ஆர்ஐ யாருக்கு? கல்யாணமாகாத பெண்ணுக்கு நம் ஊரில் உள் ஸ்கேன் எடுக்கமாட்டார்கள். அங்கே பெரும்பாலும் அதுதான் வழி. குடலின் மேல்பகுதியில் சந்தேகம் என்றாலும், பெரிய ஆபரேஷனுக்கு முன்பும் கேட்பார்கள். அதையும் படிக்கத் தெரிந்தவர் படிக்க வேண்டும், இயந்திரம் தானாகச் சொல்லிவிடாது.

வயிற்றில் சிறு துளையிட்டு கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோபியை, நோயை உறுதிப்படுத்தும் ஒரே வழியாக முன்பு சொன்னார்கள். 2022இல் ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டி அதை மாற்றிவிட்டது: படங்களில் ஒன்றும் தெரியாதபோதோ மருந்து கேட்காதபோதோதான் அது. மேலோட்டமான படிவுகள் எந்த ஸ்கேனிலும் பெரும்பாலும் தெரியாது என்பதால் அதற்கு இன்னும் வேலை இருக்கிறது.

நாலாவது தடவை அக்கா சீட்டிலேயே 'ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறதா பார்க்கவும்' என்று எழுதி வாங்கிக்கொண்டு, பெங்களூருக்குப் பஸ் ஏறினாள். உள் ஸ்கேன்தான், அரை மணி நேரம். மலக்குடல் கர்ப்பப்பையோடு ஒட்டியிருந்தது.