சாட்ஸ்வொர்த்தில் லேப்டாப் ரிப்பேர்: ரெய்டு செட்டிங்கைத் தொடத் தெரிந்த ஒருவர்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் லேப்டாப் ரிப்பேர் கடைகளுக்குப் பஞ்சமில்லை. திரை மாற்றவோ, கீபோர்டு மாற்றவோ, விண்டோஸ் போடவோ எங்கே வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் 2012, 2013 வாக்கில் வாங்கிய, பெரிய ஹார்ட் டிஸ்க்கும் அதற்குத் துணையாகக் குட்டி எஸ்எஸ்டியும் (சிப்பால் ஆன வேகமான டிஸ்க்) உள்ள லேப்டாப் இன்னும் உங்களிடம் ஓடிக்கொண்டிருந்தால், அதைக் கண்ட இடத்தில் நீட்டாதீர்கள். சாட்ஸ்வொர்த்தில் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் வீட்டு கராஜில் வேலை பார்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார், கூட்டம் சேர்ந்தால் அவரால் முடியாதாம். மார்க்கெட்டில் காய்கறி விற்பவர்களிடம் "கம்ப்யூட்டர் அங்கிள்" என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள்.

நான் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுபவள். ஒரு ஹார்டுவேர் கடை, இரண்டு மசாலாக் கடை, ஒரு சலூன் என்று எல்லாம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து வாடிக்கை. பேஸ்டல் என்ற கணக்கு சாஃப்ட்வேர், வாட் (மதிப்புக் கூட்டு வரி) கணக்கு, ரசீது ஸ்கேன் எல்லாம் அந்த ஒரு லேப்டாப்பில்தான். 1 டிபி ஹார்ட் டிஸ்க், எம்சாட்டா என்ற குட்டி அட்டை வடிவில் 32 ஜிபி எஸ்எஸ்டி. மெயின் பேட்டரி செத்து நாளாகிவிட்டது, எப்போதும் சுவரில் செருகித்தான் ஓட்டுகிறேன். புது பேட்டரி விலைக்கு இந்த வயதில் அது தகுதியில்லை என்பது என் கணக்கு.

32 ஜிபி எஸ்எஸ்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதில் விண்டோஸ் இல்லை, நம் ஃபைலும் இல்லை. இன்டெல் 2011-இல் கொண்டுவந்த ஸ்மார்ட் ரெஸ்பான்ஸ் டெக்னாலஜி என்ற ஏற்பாடு அது. அஞ்சறைப்பெட்டி மாதிரி, அடிக்கடி கை வைப்பதை மட்டும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளும், மூட்டை மூட்டையாக மற்றதெல்லாம் ஹார்ட் டிஸ்க்கிலேயே கிடக்கும். இப்படி எடுத்துவைப்பதுதான் கேஷ். அதிகபட்சம் 64 ஜிபி வரைதான் இதற்குப் பயன்படும். எஸ்எஸ்டி விலை கொள்ளையாக இருந்த காலத்தில் லேப்டாப் கம்பெனிகளுக்கு இது சல்லிசான வழி. இந்த வேலையை இன்டெலின் ரெய்டு டிரைவர்தான் செய்கிறது. ரெய்டு என்றால் பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் முறை, டிரைவர் என்றால் அதை விண்டோஸோடு பேச வைக்கும் சாஃப்ட்வேர். அதனால் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தாலும் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை செட்டிங் திரை) டிஸ்க் இணைப்புக்கான சாட்டா என்ற இடத்தில் ரெய்டு அல்லது ஸ்மார்ட் ரெஸ்பான்ஸ் என்று இருக்க வேண்டும். டிஸ்க்குகளைத் தனித்தனியாகவே பார்க்கும் ஏஹெச்சிஐ என்ற முறைக்கு மாறிவிட்டால் ஆட்டம் முடிந்தது.

மாறித்தான் போனது. 2023-இல் ஸ்டேஜ் 6 லோட்ஷெடிங்கையே (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) தாங்கிய மெஷின் இது. இப்போது லோட்ஷெடிங் ஓய்ந்தாலும் எங்கள் பக்கம் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் கோளாறு என்று கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அப்படி ஒரு ராத்திரி முழுக்கப் போய், காலையில் வந்தது. ஆன் செய்தால் நீலத் திரை, "இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்", அதாவது விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை எட்ட முடியவில்லை. மாதக் கடைசி வேறு. வரித்துறையின் இஃபைலிங் தளத்தில் வாட் ரிட்டர்ன் போட மாதத்தின் கடைசி வேலைநாள்தான் கெடு என்பது இங்கே தொழில் செய்யும் எல்லோருக்கும் தெரியும்.

முதலில் வீட்டுக்குப் பக்கத்து மாலில் உள்ள கடைக்குத்தான் போனேன். பளபளவென்ற கவுன்டர், டி-ஷர்ட் போட்ட பையன்கள், டோக்கன் நம்பர். பார்த்துச் சொல்வதற்கே 350 ராண்ட். சாயங்காலம் போன் வந்தது: ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, டேட்டா ரெக்கவரிக்கு 4,500 ராண்ட், வேண்டாமென்றால் ஃபார்மேட் செய்து விண்டோஸ் போட்டுத் தருகிறோம். டிஸ்க் போனது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "பூட் ஆகவில்லையே மேடம்" என்றான். அதற்கு மேல் அவனிடம் பேச்சு இல்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஹார்டுவேர் கடைக்காரர்தான் கராஜ் அங்கிளைச் சொன்னார். ஹிக்கின்சன் ஹைவேயில் இறங்கிப் போக வேண்டும். வாசலில் பெரிய நாய் ஒன்று, குரைக்கும், கடிக்காது. உள்ளே ஒரு மேஜை, அதன்மேல் விளக்கு வைத்த பூதக்கண்ணாடி, சுவரில் முருகர் காலண்டர்.

உட்காரச் சொன்னார். கேட்ட முதல் கேள்வியே என்னை நிமிர வைத்தது: "யாராவது யூஎஸ்பி போட்டு டிஸ்க் செக் ஓட்டினாங்களா மா?" இல்லை, பையன்கள் ரிப்போர்ட்டில் அப்படி எதுவும் எழுதவில்லை என்றேன். "அப்ப பயப்படாத" என்றார். அப்புறம்தான் காரணம் சொன்னார், பாதி இங்கிலீஷில், பாதி அவர் பாட்டியிடம் கற்ற தமிழில்.

கேஷில் இரண்டு முறை உண்டு. என்ஹான்ஸ்டு என்ற முறையில் எதை எழுதினாலும் எஸ்எஸ்டியிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் கையோடு எழுதிவிடும். மேக்ஸிமைஸ்டு முறையில் முதலில் எஸ்எஸ்டியில் எழுதிக்கொண்டு, சாவகாசமாக அப்புறம் ஹார்ட் டிஸ்க்குக்குக் கொண்டுபோகும். வேகம் அதில் அதிகம். ஆனால் நடுவில் கரண்ட் போனால் கடைசியாக எழுதிய கொஞ்சம் எஸ்எஸ்டியில் மட்டும்தான் இருக்கும். அந்த நிலையில் ஏஹெச்சிஐயில் வைத்து, ஹார்ட் டிஸ்க்கைத் தனியாகப் பிடித்து ரிப்பேர் ஓட்டினால், டிஸ்க் ஒரு பக்கம் மாறிவிடும், எஸ்எஸ்டி பழைய கணக்கையே வைத்திருக்கும். பிறகு இரண்டையும் சேர்க்கும்போது குளறுபடிதான். நீலத் திரையோடு நின்றது ஒருவிதத்தில் நல்லது, விண்டோஸ் டிஸ்க்கில் எதையும் எழுதாமலேயே நின்றிருக்கிறது.

எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போனார். தேதியைக் காட்டினார்: பல வருடம் பின்னால் போயிருந்தது. மதர்போர்டில் உள்ள பட்டன் செல் தீர்ந்துபோய், கரண்டும் இல்லாமல் போனதும், பயாஸ் எல்லாவற்றையும் மறந்து கம்பெனி செட்டிங்குக்குத் திரும்பியிருக்கிறது. மெயின் பேட்டரி இருந்தால் இது வெளியே தெரியாமல் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும். மாலில் இருந்த பையன்கள் இந்தத் திரையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

முதலில் செல்லை மாற்றினார், சிஆர் 2032, எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைப்பது. தேதியைச் சரிசெய்து, சாட்டாவை ஏஹெச்சிஐயிலிருந்து ஸ்மார்ட் ரெஸ்பான்ஸுக்கு மாற்றினார். ரீஸ்டார்ட் ஆகும்போது, அதுவரை காணாமல் போயிருந்த இன்டெல் திரை வந்தது. கண்ட்ரோலும் ஐயும் சேர்த்து அழுத்தி உள்ளே போனால் இரண்டு டிஸ்க்கும் பட்டியலில் நின்றன, எஸ்எஸ்டி கேஷ் என்ற பெயரோடு. அதே மெனுவில் டிஸ்க்குகளை ரெய்டிலிருந்து விடுவிக்கும் ஒரு வரி இருக்கிறது. அதன்மேல் விரலை வைத்து, "இதை மட்டும் தெரியாம அழுத்திடாத, எல்லாம் போயிடும்" என்றார். வீட்டில் தானே செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் ஒரே எச்சரிக்கையும் அதுதான்.

விண்டோஸ் வந்தது. பேஸ்டல் திறந்தது, கரண்ட் போவதற்கு முன் போட்ட கடைசி எண்ட்ரி வரை இருந்தது.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் பில்லை நீட்டியிருப்பார்கள். இவர் இன்டெல் சாஃப்ட்வேரில் கேஷை முதலில் நிறுத்தினார். நிறுத்தினால் எஸ்எஸ்டியில் தேங்கியது எல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்கு இறங்கிவிடும். அதன் பிறகு முழு டிஸ்க்கையும் என் எக்ஸ்டெர்னல் டிரைவில் இமேஜ் (அச்சு அசலான முழு நகல்) எடுத்தார், டிஸ்க்கின் ஆரோக்கியத்தைப் பார்த்தார், பழுதான செக்டர் இல்லை. எல்லாம் முடிந்துதான் கேஷைத் திரும்பப் போட்டார். முன்பு இருந்த மேக்ஸிமைஸ்டு வேண்டாம், பேட்டரி இல்லாத லேப்டாப்புக்கு என்ஹான்ஸ்டுதான் சரி என்று மாற்றிவிட்டார். டிரைவரைப் புதுசு போடட்டுமா என்று நான் கேட்டதற்கு மறுத்தார். புதிய டிரைவர்கள் மதர்போர்டில் உள்ள இந்தப் பழைய சிப்செட்டைக் கண்டுகொள்வதில்லை, லேப்டாப்போடு வந்ததே போதும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மெதுவாக இருக்கிறதே என்று நினைக்கத் தோன்றும். கேஷ் காலியாக ஆரம்பிக்கிறது, நாம் என்ன திறக்கிறோம் என்று பார்த்துப் பார்த்துத்தான் நிரப்பிக்கொள்ளும். இரண்டு நாள் போனதும் பழைய சுறுசுறுப்பு வந்துவிட்டது. எழுதும் வேலையில் மட்டும், பெரிய பேக்கப் எடுக்கும்போது, முன்னைவிடக் கொஞ்சம் தாமதம் தெரிகிறது. அதில் எனக்குப் புகார் இல்லை.

வேறு புகார்கள் இருக்கின்றன. கார்டு மெஷின் இல்லை, ரொக்கம் அல்லது பேங்க் டிரான்ஸ்ஃபர்தான். வேலைக்கு முன்னால் எஸ்டிமேட்டை எழுதித் தரும் பழக்கமும் இல்லை, வாயால் சொல்கிறார். கணக்கு எழுதுகிறவளுக்கு இது பிடிக்குமா? நான் கேட்டு, ஒரு நோட்டுத் தாளில் எழுதி வாங்கினேன். 2008-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரிப்பேரில் போட்ட புது உதிரிபாகத்துக்கு மூன்று மாத வாரண்டி உண்டு, அதையும் எழுதச் சொன்னேன். "40 ராண்ட் செல்லுக்கு வாரண்டியா மா?" என்று சிரித்தார், ஆனால் எழுதித் தந்தார். பழைய செல்லைக் கேட்காமலே ஒரு பாலிதீன் கவரில் போட்டுத் தந்தது நல்ல விஷயம். போன் எடுக்க மாட்டார், வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் போட்டால் ராத்திரிதான் பதில். அவசரக்காரர்களுக்கு எரிச்சல் வரும்.

மொத்தம் 490 ராண்ட் ஆனது, செல்லையும் சேர்த்து. கேஷெல்லாம் எதற்கு, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு நேராக ஒரு எஸ்எஸ்டி போட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேள்வி நியாயம்தான், வேகம் என்று பார்த்தால் அதுதான் மேல், அங்கிளும் மறைக்காமல் அதையே சொன்னார். ஆனால் இந்த மெஷினில் இருப்பது மூன்றாம் தலைமுறை புராசஸர். மைக்ரோசாஃப்ட் விதிப்படி விண்டோஸ் 11-க்கு இது தேறாது, விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இனிமேல் இதற்குப் பணம் போடுவது வீண். அடுத்த லேப்டாப்புக்குக் காசு சேரும் வரை, வாடிக்கையாளர் கணக்கு பத்திரமாக, இருந்தபடியே ஓட வேண்டும் என்பதுதான் என் தேவை. அதற்கு இந்த வேலை போதும்.

போகிறவர்கள் சார்ஜரையும், உங்கள் டிஸ்க் அளவுக்கு இடமுள்ள ஒரு எக்ஸ்டெர்னல் டிரைவையும் எடுத்துப் போங்கள், அதில் இமேஜ் எடுக்காமல் அவர் கேஷைத் திரும்பப் போடவே மாட்டார். பயாஸில் சாட்டா எந்த நிலையில் இருக்கிறது என்று இப்போதே, மெஷின் நன்றாக ஓடும்போதே, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசி மாதம் சனிக்கிழமைகளில் கராஜ் பூட்டியிருக்கும்.