குளிரில் செல்ஃப் இழுக்கிறதா? பேட்டரி மாற்றுவதற்கு முன் ஒரு மல்ட்டிமீட்டர் வாங்குங்கள்

விடியற்காலைக் குளிரில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) இழுத்து இழுத்துச் சுற்றும், வெயில் ஏறியதும் அதே கார் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிவிடும். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. யாரிடம் கேட்டாலும் "பேட்டரி போச்சு, மாத்துங்க" என்பார்கள். பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் கேபிளில் கோளாறு இருந்தால் புது பேட்டரி போட்ட பிறகும் செல்ஃப் அப்படியேதான் திணறும்.

என்னிடம் இருப்பது வோல்ட், ஆம்பியர் எல்லாம் அளக்கும் சாதாரண டிஜிட்டல் மல்ட்டிமீட்டர், MIN/MAX (குறைந்தபட்சம்/அதிகபட்சம்) பட்டன் மட்டும் கூடுதல். அந்த ஒரு பட்டனுக்காகவே இதைச் சிபாரிசு செய்வேன். செல்ஃப் சுற்றும்போது வோல்டேஜ் சட்டென்று இறங்கி ஏறுவதைக் கண்ணால் பிடிக்க முடியாது, சாவியைத் திருப்பிக்கொண்டே மீட்டரையும் பார்க்க முடியாது. இந்தப் பட்டனை அழுத்திவிட்டால் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை மீட்டரே நினைவில் வைத்துக்கொள்ளும்.

இரவு முழுக்க நின்ற காரில் முதலில் பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழ பாதிதான். பாதியாக இருந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லா அளவும் தப்பாகவே வரும். முழு சார்ஜ் இருந்தும் செல்ஃப் சுற்றும்போது 9.6-க்கு வெகு கீழே போனால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டாரே அதிக கரண்ட் இழுக்கிறது. கடுங்குளிரில் கொஞ்சம் கூடுதலாக இறங்குவது சகஜம். இன்ஜினில் 20டபிள்யூ-50 மாதிரி கெட்டியான ஆயில் இருந்தாலும் செல்ஃபுக்குச் சுமை ஏறும், அதையும் பாருங்கள்.

சரி, வோல்டேஜ் அவ்வளவாக இறங்கவில்லை, ஆனாலும் மெதுவாகத்தான் சுற்றுகிறது என்றால்? அங்கேதான் இந்த மீட்டரின் அருமை தெரியும். ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயத் தண்டிலேயே வையுங்கள், மேலே மாட்டியிருக்கும் கிளாம்ப்பில் வேண்டாம். அப்போதுதான் தண்டுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே படிந்திருக்கும் அழுக்கும் கணக்கில் வரும். இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத இடத்தில். செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் காட்டுவது வழியிலேயே வீணாகும் வோல்டேஜ்; அது 0.2, 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பக்கம் (மைனஸ் தண்டுக்கும் இன்ஜினுக்கும் இடையே உள்ள இணைப்பு) சுத்தம் செய்யவேண்டும் அல்லது கேபிளை மாற்றவேண்டும். பிளஸ் தண்டிலிருந்து செல்ஃபின் தடித்த கேபிள் நட்டு வரை இதே மாதிரி அளந்தால் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் செல்ஃபைக் கழற்றி, உள்ளே சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷைப் பார்க்கலாம்.

'நல்லது', 'மாற்று' என்று மட்டும் காட்டும் பேட்டரி டெஸ்டரால் இந்தக் கேபிள் விஷயத்தைச் சொல்லவே முடியாது. அதனால்தான் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மீட்டரைச் சொல்கிறேன்.

குறைகளும் உண்டு. திரையில் வெளிச்சம் இல்லை, இருட்டில் டார்ச் தேவை. கூட வந்த ஒயர் குட்டை, குளிரில் விறைத்துக்கொள்கிறது. அப்புறம் ஒன்று, ஆம்பியர் துளையில் ஒயரைச் சொருகி செல்ஃப் கரண்டை அளக்க யாரும் முயல வேண்டாம்: மீட்டரின் எல்லை 10 ஆம்பியர், செல்ஃப் இழுப்பதோ நூற்றுக்கும் மேல். வாங்கும்போதே நீளமான ஒயரும் குரோக்கடைல் கிளிப்பும் சேர்த்து வாங்குங்கள், பானெட்டுக்கு அடியில் மாட்டிவிட்டு ஒரே ஆளாக உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து பார்த்துவிடலாம்.