48,000 ரூபா போச்சு, பாட்டும் போச்சு: லேபிள்னு வந்தா உடனே கையெழுத்து போட்டுடாதீங்க

இன்னிக்கு காலைல எங்க பாட்டை நாங்களே யூடியூப்ல ஏத்தினதுக்கு காப்பிரைட் க்ளெய்ம் (பாட்டோட உரிமை தனக்குத்தான்னு புகார்) வந்திருக்கு. போட்டது யாருன்னா, நாங்க 48,000 ரூபா கட்டின அதே ரெக்கார்ட் லேபிள், அதாவது பாட்டை வெளியிடுற கம்பெனி. இன்னும் கை நடுங்குது.

நாங்க மூணு பேரு, கும்பகோணம் பக்கம், எலக்ட்ரானிக் மியூசிக் பண்றோம். ஒரு லேப்டாப், ஒரு பழைய மிடி கீபோர்டு, அவ்ளோதான். நரசிங்கன்பேட்டைல ஆச்சா மரத்துல நாகஸ்வரம் செய்யிற பட்டறைக்குப் போயி உளி சத்தம், கடையிற சத்தம், சீவாளி (வாயில வச்சு ஊதுற பாகம்) வச்சு முதல் தடவ ஊதிப் பாக்குறது எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்ணி வெட்டி ஒட்டி மூணு டிராக் பண்ணோம். ஒண்ணுல பேஸே (அடில ஓடுற கனமான சத்தம்) ராத்திரி பம்புசெட் ஓடுற சத்தம்தான். எட்டு மாச வேலை.

இன்ஸ்டால கிளிப் பாத்துட்டு ஒரு சின்ன லேபிள்காரரு நேர்லயே வந்தாரு (பேரு போட வேணாம்னு வக்கீல் சொல்லிருக்காரு). அங்கதான் விழுந்தோம். திண்ணைல உக்காந்து காபி குடிச்சாரு, அம்மா இலை போட்டு பரிமாறுனாங்க, அப்பாகிட்ட "ஐயா, பசங்க சத்தத்துல காவேரி ஓடுது"ன்னாரு. அதுவரைக்கும் என்னடா டொம்மு டொம்முன்னு திட்டிட்டிருந்த மனுசன் கண்ணு கலங்கிட்டாரு, சம்பா நெல்லை கொள்முதல் நிலையத்துல போட்டு வந்த காசுலேர்ந்து 48,000 எடுத்துக் குடுத்தாரு. மாஸ்டரிங் (சத்தத்தை கடைசியா சரி பண்றது), டிஸ்ட்ரிபியூஷன், புரொமோஷன் எல்லாத்துக்கும் சேத்துன்னாங்க. 14 பக்கம் இங்கிலீஷ் அக்ரிமெண்ட். "எல்லாருக்கும் இதே பேப்பர்தான் தம்பி"ன்னாரு, போட்டுட்டோம்.

பாட்டு வெளிவந்துச்சு, ஒரு போஸ்டர் கூட போடல. கேட்டா "குவார்ட்டர் முடியட்டும்", அதாவது மூணு மாசக் கணக்கு. முடிஞ்சுது, "அக்கவுண்ட்ஸ்ல கேளுங்க"ன்னாரு, அந்த நம்பருக்கு அடிச்சா எடுத்தது அவரே, குரல் தெரியாதா எங்களுக்கு? அப்புறம் "உங்களுக்கு செலவழிச்சதே இன்னும் ரெக்கவர் ஆகல தம்பி"ன்னாரு பாருங்க. எது செலவு? 48,000 எங்க அப்பா காசுங்க! லேபிள்னா அவன் அட்வான்ஸ் குடுத்து அதை ராயல்டில (பாட்டு ஓடுறதுக்கு நமக்கு வர்ற பங்கு) கழிச்சுக்குவான், அதான் முறை. இப்ப போனே எடுக்குறதில்ல.

வக்கீல்கிட்ட போனப்பதான் தெரிஞ்சுது. 1957 காப்பிரைட் சட்டம் 19வது பிரிவுப்படி, உரிமையை எழுதிக் குடுக்குறப்ப எத்தன வருசம்னு போடலன்னா 5 வருசம்தான், எந்த ஊருக்குன்னு போடலன்னா இந்தியாவுக்கு மட்டும்தான். ஆனா எங்க பேப்பர்ல 9வது பக்கத்துல காலத்துக்கும், உலகம் பூரான்னு தெளிவா அடிச்சு வச்சிருக்கான். இங்கிலாந்துல மான்செஸ்டர்ல ஃபாக்டரி ரெக்கார்ட்ஸ்ங்கிற லேபிள் 1992ல திவாலானப்ப, எல்லாம் இசைக்காரங்களுக்கே சொந்தம்னு முன்னாடியே ஒரு தாள்ல எழுதி வச்சிருந்ததாலதான் நியூ ஆர்டர் பேண்டுக்கு அவங்க பாட்டு கைவிட்டுப் போகல. நாங்க படிச்சுப் பாத்திருந்தா அந்த 9வது பக்கத்து வரியை எடுக்கச் சொல்லிருப்போம்.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், முடியல. காசு கேக்குற லேபிள்னா வேணாம். உரிமையை எழுதி வாங்குறானா, லைசென்ஸ் (பயன்படுத்திக்க அனுமதி) மட்டும் கேக்குறானான்னு பாருங்க, வருசம் போட்டிருக்கான்னு பாருங்க. ப்ராஜெக்ட் ஃபைலை (பாட்டை உருவாக்குன மூல ஃபைல்) யாருக்கும் அனுப்பாதீங்க.

அப்பாவுக்கு க்ளெய்ம் வந்த விசயம் இன்னும் சொல்லல. 48,000 எப்ப வரும்னு நேத்து கூட கேட்டாரு.