முப்புரி நைலான் கயிறு: மும்பையில் படகு கட்ட நம்பி வாங்கலாமா?

கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் மிதவையில் படகு கட்டுகிறவர்களுக்கு, துறைமுகத்தை ஒட்டிய டாருகானா கடைகளில் கிடைக்கும் 14 மில்லிமீட்டர் முப்புரி நைலான் கயிறு அருமையான சரக்கு. 20 அடிப் படகுக்கு இந்தப் பருமன் போதும். அலை வெட்டி இழுக்கும்போது நீண்டு கொடுப்பதால், படகில் கயிறு கட்டும் கொம்பான க்ளீட் பெயர்ந்து வராது. பாலிப்ரொப்பிலீன் மலிவுதான், ஆனால் மிதந்து ப்ரொப்பல்லரில் சுற்றும்; வெயிலில் நார்நாராக உதிரும். வேண்டவே வேண்டாம்.

கயிறு அறுவது நடுவில் அல்ல, படகின் விளிம்பில் உரசும் அந்த ஒரு சாண் இடத்தில். அங்கே கேன்வாஸ் சுற்றித் தையுங்கள். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம்; அதை மாட்டினால் தண்ணீர் உள்ளே புகுந்து கயிற்றைக் குளிர்விக்காது. உரசும் சூட்டில் நைலான் உருகி இறுகிவிடும்.

ஒரே குறை, சில கடைகளில் கண் (கயிற்று முனையை மடக்கி, புரிகளுக்குள் செருகிப் பின்னும் வளையம்) பின்னும்போது மூன்று சுற்றோடு நிறுத்திவிடுகிறார்கள். நைலான் வழுக்கும், ஐந்து சுற்றாவது கேட்டு வாங்குங்கள். கண்ணுக்குள் கயிறு தேயாமல் காக்கும் இரும்பு வளையமான திம்பிள் கட்டாயம்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே கடல்மட்டம் 4 மீட்டருக்கு மேல்கூட ஏறி இறங்கும். இழுவிசை மாறிக்கொண்டே இருப்பதால் கயிற்றை மிதவையோடு இணைக்கும் இரும்புக் கொளுவியான ஷேக்கிளின் திருகு பின் தானாகத் தளரும். அதை துத்தநாகம் பூசிய கம்பியால் கட்டிவிடுங்கள். கொட்டலசு (கூரிய ஓடுள்ள சிறு கடலுயிரி) ஒட்டிய கயிற்றை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். மே கடைசிக்குள் படகைக் கரையேற்றிவிட வேண்டும். மழைக்காலக் கடலுக்கு எந்தக் கயிறும் போதாது.