சந்தனமா, சாம்பலா, நீலப்பச்சையா? சுங்கை சிப்புட்டில் பழைய வீட்டுக்கு வெளிச்சாயம் தேர்ந்தெடுப்பது

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் பழைய வீட்டைச் சரிபண்ணத் தொடங்குகிறவர்களின் பேச்சில் பெரும்பாலும் நாலு நிறங்கள்தான் அடிபடும்: வெள்ளை, அடர் சாம்பல், நீலப்பச்சை, சந்தனம். மற்றவையெல்லாம் இவற்றின் அக்கம்பக்கத்து நிறங்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி கல், பாதி பலகை என்று கட்டிய வீட்டுக்கு உடம்பு முழுக்கச் சந்தனம், அடியில் செங்காவிப் பட்டை, சன்னலுக்கும் கதவுக்கும் நீலப்பச்சை. மற்ற இரண்டையும் ஏன் ஒதுக்குகிறேன், நீலப்பச்சையை ஏன் சன்னலோடு நிறுத்துகிறேன் என்பதற்குத்தான் இந்த அலசல்.

எந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்பது முக்கியம். ஹீவூட், எல்பில், டோவன்பி போன்ற தோட்டங்களின் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளிலிருந்து, வெளியே வந்தவர்கள் சொந்த நிலத்தில் கட்டிக்கொண்ட வீடு. இடுப்பளவுக்குச் செங்கல் சுவர், அதற்கு மேல் பலகை, தலைக்கு மேல் தகரக் கூரை. இந்த வீட்டுக்கும் ஈப்போ பக்கத்துப் புதுத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கும் கான்கிரீட் வீட்டுக்கும் ஒரே நிற அட்டையை வைத்து முடிவு செய்வதுதான் கோளாறே.

அட்டையைக் கையில் எடுக்குமுன் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். நம்மூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகைக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முதல் பாதி வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாயும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கம். இரண்டு பக்கமும் பெரிதாகச் சாய்வதில்லை. ஆகவே வடக்கு, தெற்குச் சுவர்களைக் கூரைத் தாழ்வாரம் ஓரளவு காப்பாற்றிவிடும். அடி வாங்குவது கிழக்கும் மேற்கும், அதிலும் மேற்குதான் அதிகம். நிழல் விழும் பக்கத்தில் வெயிலுக்குப் பதிலாகப் பாசி. ரம்புத்தான் மரமோ குளியலறையோ இருக்கும் பக்கத்துச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், காலை பத்து மணிக்கும் ஈரம் காயாமல் இருக்கும். அப்புறம் கீழே குனிந்து பாருங்கள். கூரையிலிருந்து ஒழுகும் மழைநீர் தரையில் விழுந்து செம்மண்ணைச் சுவரில் தெளித்து, ஒன்றரை அடி, இரண்டு அடி உயரத்துக்குக் கறையாக நிற்கும். நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த மூன்றையும் பார்த்துத்தான்.

வெள்ளையை எடுத்துக்கொள்வோம். வெயிலைத் திருப்பி அனுப்புவதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. புதிதாக அடித்த நல்ல வெள்ளை, விழும் வெயிலில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைத் திருப்பிவிடும். பலகைக்கு இதைவிடப் பாதுகாப்பான நிறம் கிடையாது. ஆனால் அந்தச் சுகம் சுவரின் மேல் பாதிக்கு மட்டும்தான். கீழே செம்மண் தெளித்தால் ஒரே மழையில் தெரிந்துவிடும். நிழல் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு படலம் படியும். துருவா, வெற்றிலைச் சாறா என்று குழம்புவோம். அது டிரென்டிபோலியா என்ற பாசி. இனத்தால் பச்சைப் பாசிதான், உடம்பில் இருக்கும் ஆரஞ்சு நிறப்பொருள் பச்சையை மறைத்துவிடுகிறது. வெள்ளைச் சுவரில் இது மேலிருந்து வடிந்ததுபோல் கோடு கோடாக நிற்கும். செம்பனை ஆலைக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆலைக் கொதிகலனில் செம்பனைப் பழத்தின் நார், கொட்டை ஓடு ஆகியவற்றைத்தான் எரிக்கிறார்கள். காற்று நம் பக்கம் திரும்பினால் கரித்தூள் சன்னல் விளிம்பில் வந்து உட்காரும், மழை அதைக் கண்ணீர்போல் கீழே இழுக்கும். வருடா வருடம் கழுவ ஆள் இருந்தால் வெள்ளை நல்ல நிறம். வயதான அப்பா, அம்மா மட்டும் இருக்கும் வீட்டில் அந்த வேலையை யார் தலையில் கட்டுவது?

அடர் சாம்பல் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இப்போது பலர் கேட்பது அதைத்தான். “அண்ணே, இப்போ எல்லாரும் கிரேதான் அடிக்கிறாங்க, வீடு புதுசு மாதிரி இருக்கும்” என்று சாயம் அடிக்க வருகிற தம்பியே சொல்வார். புது வீட்டில் அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நிறம் வெயிலில் பத்தில் ஒரு பங்கைத் திருப்பினாலே அதிகம், மிச்சம் எல்லாம் சுவருக்குள் போகும். நம் வீட்டுப் பலகை ஓர் அங்குலம்கூட இருக்காது, உள்பக்கம் வேறு தடுப்பும் இல்லை. மேற்குச் சுவரில் பிற்பகல் ஏறுகிற சூடு பலகையைத் தாண்டி நேரே படுக்கையறைக்கு வந்துவிடும். நம்பாவிட்டால் பிற்பகல் 3 மணிக்குச் சாம்பல் அடித்த ஒரு பலகைச் சுவரிலும் வெளிர் நிறச் சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். முன்னதில் கையை அதிக நேரம் வைத்திருக்க முடியாது.

சூடு மட்டும் பிரச்சினை இல்லை. காய்ந்து கொதித்துக் கிடக்கும் பலகையில் 4 மணி மழை சடசடவென்று கொட்டும். பலகை விரிவதும் சுருங்குவதும் வருடம் முழுக்க நடக்கும். சாயப் படலம் முதலில் பலகைகள் சேரும் இடத்தில் மயிரிழைபோல் வெடிக்கும், அந்த வெடிப்பில் நீர் இறங்கும், பிறகு பட்டை பட்டையாக உரியும். எந்த நிறத்திலும் இது நடக்கலாம், ஆனால் அடர் நிறத்தில் வேகமாக நடக்கும். கீழே செங்கல் சுவரிலோ வேறு கதை. பழைய வீடுகள் பலவற்றில் தரை ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் அடுக்கு போட்டிருக்க மாட்டார்கள். ஈரம் ஏறும்போது உப்பையும் சேர்த்துக் கொண்டுவரும், சுவரில் வெள்ளையாகப் பூக்கும். அடர் சாம்பல் சுவரில் அந்த வெள்ளை எட்டு வீடு தள்ளியும் தெரியும். சாம்பல் நிறத்துக்குப் பயன்படும் கரிக்கருப்பு வெயிலில் வெளுக்காது என்பது உண்மை. ஆனால் அதைப் பிடித்துவைத்திருக்கும் பசை வெயிலில் தேய்ந்து மேலே வெண்தூளாக நிற்கும். பிறகு சுவர் துடைக்காத சிலேட்டுப் பலகை மாதிரி ஆகிவிடும். இரும்புக் கேட்டுக்கும் கிரில்லுக்கும் சாம்பல் நன்றாகப் பொருந்தும், அங்கே தாராளமாக அடியுங்கள்.

நீலப்பச்சை எனக்குப் பிடித்த நிறம், அதனால் அதை நியாயமாகப் பார்க்க முயல்கிறேன். லயத்தில் இருந்தவரை சுவரின் நிறத்தை முடிவு செய்தது தோட்ட நிர்வாகம், குடியிருந்தவர்கள் அல்ல. சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். சொந்த வீடு கட்டியவர்கள் முதல்முதலாகத் தாங்களே தேர்ந்தெடுத்த நிறங்களில் ஒன்று இந்த நீலப்பச்சை. “தம்பி, தூரத்துலேர்ந்து பார்த்தாலே நம்ம வீடுன்னு தெரியணும்ல” என்று ஒரு பாட்டி சொன்னால் அதை வெறும் ஆசை என்று தள்ளிவிடக் கூடாது. தொழில்நுட்பமும் பாட்டி பக்கம்தான். இந்த நிறத்தைத் தரும் தாலோ நீலம், தாலோ பச்சை என்ற நிறப்பொருள்கள் வெயிலுக்கு நன்றாகத் தாக்குப்பிடிப்பவை. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, ஊதா நிறங்களில் பல இந்த அளவுக்கு நிற்பதில்லை. நிறைய வெள்ளையில் கலப்பதால் சூடும் மிதமாகவே ஏறும். இவ்வளவு இருந்தும் முழுச் சுவருக்கு இதை நான் சொல்லாததற்கு ஒரே காரணம் செம்மண். நீலப்பச்சையின் மேல் சிவப்பு மண் படிந்தால் இரண்டும் நேர் எதிர் நிறங்கள் என்பதால் கறை கத்திக்கொண்டு நிற்கும். சன்னல் கதவிலும் வாசல் நிலையிலும் மண் தெளிக்காது. அங்கே இந்த நிறம் வாழட்டும்.

சந்தனத்துக்கு வருகிறேன். நான் சொல்வது எலுமிச்சை மஞ்சள் அல்ல, மாம்பழ மஞ்சளும் அல்ல. வெள்ளையில் கொஞ்சம் மண் மஞ்சளும் துளி சாம்பலும் கலந்த நிறம். இதற்கு மஞ்சள் கொடுப்பது இரும்பு ஆக்சைடு, அதாவது மண்ணிலேயே இருக்கும் பொருள். வெயில் அதை ஒன்றும் செய்வதில்லை. திருப்பி அனுப்பும் வெயில் வெள்ளையைவிடக் குறைவுதான், ஆனாலும் பாதிக்கு மேல் திரும்பிவிடும். பலகைக்கு அது போதும். ஆரஞ்சுப் பாசி படிந்தாலும் சுவர் நிறத்தோடு கொஞ்சம் ஒத்துப்போகும், செம்மண் தூசியும் அப்படித்தான். கரித்தூள் தெரியும், இதற்கு மட்டும் சந்தனத்திடம் பதில் இல்லை. துருப்பிடித்த தகரக் கூரைக்கும் சிவப்புக் கூரைக்கும் கீழே சந்தனம் இயல்பாக உட்காரும். கூரை நீலம் என்றால் மஞ்சளைக் குறைத்து, வெள்ளையோடு சாம்பல் துளி கலந்த நிறத்துக்குப் போங்கள்.

அடியில் இரண்டு அடிக்குச் செங்காவிப் பட்டை. தெளிக்கும் மண்ணும் பட்டையும் கிட்டத்தட்ட ஒரே இரும்பு ஆக்சைடு நிறம் என்பதால் கறை கண்ணில் படாது. காவியிலும் உப்பு பூத்தால் தெரியும்தானே என்று கேட்கலாம். தெரியும். ஆனால் மண் மழைக்கு மழை தெளிக்கும், அதை நிறுத்த வழியில்லை. உப்புக்கு வைத்தியம் உண்டு: உலர்ந்த பிரஷால் தேய்த்து எடுத்து, சுவரைக் காயவிட்டு, காரத்தைத் தாங்கும் சீலர் (அடிப்பூச்சு) அடித்து, அதற்கு மேல் சாதாரண அக்ரிலிக் சாயம். எனாமல் வேண்டாம், ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். புதிதாகப் பூசிய சிமெண்டுப் பகுதியாக இருந்தால் 28 நாள் பொறுத்திருங்கள். இன்னொன்று, காவியையும் வெள்ளையையும் மாற்றி மாற்றிச் செங்குத்துப் பட்டையாகப் போடாதீர்கள். அது கோயில் மதிலுக்கு உரியது, வீட்டுக்கு வேண்டாம்.

வாஸ்து பார்த்து நிறம் முடிவு செய்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இந்த நாலில் மூன்றுக்கு எப்படியும் ஒரு திசை கிடைத்துவிடும்.

விலையில் நிறத்தைவிட ரகம்தான் வித்தியாசம் செய்யும். நிப்பான் வெதர்பாண்ட், ஜோட்டுன் ஜோட்டாஷீல்டு, டூலக்ஸ் வெதர்ஷீல்டு எல்லாம் வெளிச்சுவருக்கென்றே வருபவை. இவற்றில் எதை எடுத்தாலும், உள்சுவர்ச் சாயத்தை வெளியே அடிப்பதைவிடப் பல மடங்கு மேல். ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும் என்று கணக்கு வையுங்கள். 120 சதுர மீட்டர் சுவருக்கு இரண்டு பூச்சு என்றால் 24 லிட்டர், அதாவது ஐந்து லிட்டர் டின் ஐந்து. அடர் நிறங்களுக்குச் சில சமயம் மூன்றாவது பூச்சும் தேவைப்படும், அந்தச் செலவையும் சாம்பலின் கணக்கில் எழுத வேண்டும்.

கடை விளக்கில் அட்டையைப் பார்த்து டின்னை உடைக்கச் சொல்லிவிடாதீர்கள். நம் வெயிலில் எந்த நிறமும் அட்டையில் இருப்பதைவிட வெளிறியும் பளிச்சென்றும் தெரியும். அட்டையில் கொஞ்சம் மங்கலாகத் தோன்றுகிற சந்தனம்தான் சுவரில் சரியாக வரும். ஒரு லிட்டர் மட்டும் கலந்து, இரண்டடிக்கு இரண்டடி பலகைத் துண்டில் இரண்டு பூச்சு அடித்து, மேற்குச் சுவரில் ஒரு நாள், நிழல் பக்கத்தில் ஒரு நாள் சாய்த்து வையுங்கள். காலையிலும், மழைக்கு முந்தின மூட்டத்திலும், மாலை விளக்கு போட்ட பிறகும் பாருங்கள்.

எப்போது அடிப்பது என்பதில் நம் வழக்கம் எனக்கு ஒப்பவில்லை. தீபாவளிக்கு முன்னால்தான் எல்லார் வீட்டிலும் சாயம் அடிப்போம். பேராக்கில் அக்டோபர், நவம்பர் மாதங்கள் மழை மிகுந்த காலம். பாதி காய்ந்த சுவரில் மழை இறங்கினால் எந்த நிறமும் ஒன்றுதான். உள்பக்கத்தைத் தீபாவளிக்கு வைத்துக்கொண்டு, வெளிப்பக்கத்தை ஜூன், ஜூலையில் முடித்துவிடுங்கள். பனி ஈரம் காய்ந்த பிறகு தொடங்கி, மேற்குச் சுவரைக் காலையிலேயே முடித்து, மழை கூடுவதற்கு முன் கையை எடுத்துவிட வேண்டும்.

பழைய வீடு என்பதால் இரண்டு எச்சரிக்கை. சன்னலிலும் கிரில்லிலும் இருக்கும் பழைய எனாமல் சாயத்தில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூள் வீட்டுப் பிள்ளைகளின் கைக்கும் வாய்க்கும் போகும், ஆகவே நனைத்துத் தேய்த்து, உதிர்ந்ததை வாரிக் கட்டி எறியுங்கள். சமையலறைப் பக்கம் பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு இருந்தால் கம்பிப் பிரஷும் போடாதீர்கள், அழுத்த நீரும் அடிக்காதீர்கள், உடைக்கவும் வேண்டாம். பாசியைச் சுரண்டி எடுப்பது மட்டும் போதாது, வேர்விட்ட இடம் சாயத்துக்கு அடியிலிருந்து திரும்ப வரும். பாசிக்கொல்லிக் கரைசலைத் தடவி, ஊறவிட்டு, கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் சீலர்.

வேலை முடிந்ததும் மீந்த சாயத்தைச் சின்ன டப்பாவில் வாய்நிறைய ஊற்றி இறுக மூடுங்கள். டின்னில் ஒட்டியிருக்கும் கலவைச் சீட்டைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிறத்துளி எத்தனை அளவு என்று அதில் இருக்கும். இரண்டு வருடம் கழித்துப் பட்டையில் ஒரு இடம் உரிந்தால், அந்தச் சீட்டைக் காட்டி அதே காவியை ஒரு லிட்டர் கலந்து வாங்கிக்கொள்ளலாம்.