மாலுமி இல்லாத வாடகைப் படகு: அயோனியன் கடலில் ஐந்து கோடைகள்

கிரேக்கத்தின் மேற்குக் கரையை ஒட்டிய லெஃப்கடா தீவிலிருந்து, கடந்த ஆறு ஆண்டுகளில் ஐந்து முறை, மாலுமிகள் இல்லாத பாய்மரப் படகை ஒரு வார வாடகைக்கு எடுத்திருக்கிறேன். 'பேர்போட் சார்ட்டர்' எனப்படும் இந்த முறையில் படகை மட்டுமே தருவார்கள். அதை ஓட்டுவதும், இரவில் பத்திரமாக நிறுத்துவதும், சேதம் நேர்ந்தால் பதில் சொல்வதும் நம் பொறுப்பு. படகோட்டுபவரிடம் ஐ.சி.சி. எனப்படும் சர்வதேசப் படகோட்டிச் சான்றிதழ் போன்ற தகுதிச் சான்றிதழும், துணைக்கு அனுபவமுள்ள இன்னொருவரும் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை மாலை படகைக் கைமாற்றும் நேரத்தைத்தான் இந்த ஏழு நாட்களில் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ஊழியருக்கு அன்று பல படகுகள். நமக்கோ பயணக் களைப்பு. முதல் ஆண்டில் அரை மணி நேரத்தில் கையொப்பமிட்டுவிட்டேன். திரும்பி வந்தபோது சுக்கானின் அடியில் உராய்வு இருப்பதாகச் சொல்லி, முன்பணமான 2,500 யூரோவில் 400 யூரோவைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் எங்கும் தரை தட்டவில்லை. ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் ஒரு படம்கூட இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் நானே நீரில் இறங்கி, சுக்கானையும் உந்துவிசிறியையும் படமெடுத்த பிறகே கையொப்பமிடுகிறேன். நங்கூரச் சங்கிலியையும் முழுவதுமாக வெளியே இழுத்துப் பார்க்கிறேன். ஒரு படகில் பத்து மீட்டருக்கு ஒன்றாகப் பூசியிருந்த வண்ணக் குறிகள் துருவில் மறைந்து போயிருந்ததால், கண்ணிகளில் நீல நூலைச் சுற்றி நாங்களே அளவு குறித்துக்கொண்டோம்.

பாய் விரித்து ஓடுவதைவிடப் படகை நிறுத்துவதற்கே அதிகத் திறமை வேண்டும். இந்தக் கடலில் கோடைக்காலப் பிற்பகல்களில் வடமேற்குக் காற்று எழுந்து, பெரும்பாலும் பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடும்; ஆகவே காற்று வலுக்கும் முன், மதியம் ஒரு மணிக்குள் துறையை அடைந்துவிடுவது நல்லது. இதாக்காத் தீவின் கியோனி போன்ற சிறு துறைகளில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி நங்கூரத்தைப் போட்டுவிட்டு, படகைப் பின்னோக்கிச் செலுத்திப் பின்கயிறுகளைக் கரையில் கட்ட வேண்டும். எட்டு மீட்டர் ஆழத்துக்கு நான் நாற்பது மீட்டர் சங்கிலி விடுகிறேன். மூன்றாம் ஆண்டில் எங்கள் சங்கிலிமீது பக்கத்துப் படகின் சங்கிலி விழுந்துவிட, மறுநாள் காலை எங்கள் நங்கூரம் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. அந்தச் சங்கிலியின் அடியில் ஒரு கயிற்றைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்து, எங்கள் நங்கூரத்தைச் சற்று இறக்கி விடுவிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

முதன்முறை செல்பவர்களுக்கு, மெல்டெமி காற்று நாட்கணக்கில் ஓயாமல் வீசக்கூடிய ஏஜியன் கடலைவிட அயோனியன் கடலையே பரிந்துரைப்பேன். தீவுகள் நெருக்கமாக இருப்பதால் அடுத்த துறை பெரும்பாலும் சில மணி நேரத் தொலைவுதான். வரும் செப்டம்பருக்கும் ஒரு 12 மீட்டர் படகைப் பதிவு செய்திருக்கிறேன். சங்கிலி அறுபது மீட்டருக்குக் குறையக் கூடாது என்பதை இம்முறை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறேன்.