வன்னி வளவுக்கு எந்த நாய்? பாசெற் ஹவுண்ட், டாஷண்ட், ஊர் நாய்

மல்லாவியில் புது வீடு கட்டி முடிக்கும் என் அக்காவின் மகன் போன கிழமை தொலைபேசியில் கேட்டான்: "சித்தி, கொழும்பிலை பாசெற் ஹவுண்ட் குட்டி ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன். எடுக்கட்டே?" படமும் அனுப்பியிருந்தான். தரையில் இழுபடும் காது, அழுது முடித்தது போன்ற கண், உடம்புக்குப் பொருந்தாத பெரிய பாதம், சாண் உயரக் கால். ஹஷ் பப்பீஸ் சப்பாத்துப் பெட்டியில் இருக்கும் அதே முகம். அந்த முகத்தைப் பார்த்தபின் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. ஆனாலும், அந்த இனத்து நாய் ஒன்றை மாசி முதல் ஆனி வரை வட்டக்கச்சியில் என் வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இந்தியாவுக்குத் தாயின் வைத்தியத்துக்குப் போன சிநேகிதி ஒருத்தி விட்டுப்போன நாய், பெயர் புருனோ. அதே வளவில் எங்கள் ஊர் நாய் கறுப்பியும் இருந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததால் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் தம்பி வீட்டில் டாஷண்ட் ஒன்று வளர்வதால் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்று. பாசெற் சின்ன நாய் அல்ல, பெரிய நாய். கால் மட்டும்தான் குட்டை. உயரம் 38 சென்ரிமீற்றருக்கு மேல் போகாது. நிறை 20 முதல் 30 கிலோ வரை வரும். புருனோ 27 கிலோ. எங்கள் வீடு மாரி வெள்ளத்துக்குப் பயந்து மூன்று படி உயர்த்திக் கட்டியது. கறுப்பி அந்தப் படிகளில் கால் வைப்பதே இல்லை, ஒரே பாய்ச்சல். புருனோ முதல் படியில் முன்கால் இரண்டையும் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கும். அதற்குப் பிறகு தூக்கத்தான் வேண்டும். தூக்குவதிலும் முறை இருக்கிறது: ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மறுகை பின்தொடைக்குக் கீழே, முதுகு வளையாமல் மட்டமாக. அக்குளில் பிடித்துத் தூக்கினால் முழுப் பாரமும் முள்ளந்தண்டில் தொங்கும். மூன்றாம் நாளே பலகை ஒன்றைச் சாய்த்து, வழுக்காமல் சாக்கு அடித்துவிட்டோம்.

அந்த முதுகில்தான் எல்லாக் கவலையும். குட்டைக் கால் இந்த இனத்துக்குத் தற்செயலாக வந்ததல்ல. முயல் மோப்பம் பிடிக்கும்போது ஆள் நடந்தே பின்தொடரும்படி, வேகம் குறைந்த நாய் வேண்டும் என்று பிரான்சில் தெரிந்தெடுத்து வளர்த்தார்கள். பெயரே பிரெஞ்சில் 'தாழ்வு' என்று பொருள்படும் 'பா' என்ற சொல்லிலிருந்து வந்தது. 1874இல் எவரெற் மிலே என்ற ஆங்கிலேயர் பிரான்சிலிருந்து ஒன்றை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். இன்று நாம் காணும் கனமான உருவம் அங்கேதான் உருவானது. பாசெற், டாஷண்ட் போன்ற இனங்களின் கால் குட்டையாவதற்கு எஃப்ஜிஎஃப்4 என்ற மரபணுவின் மேலதிகப் பிரதி ஒன்று காரணம் என்று 2009இல் கண்டுபிடித்தார்கள். எலும்பு வளர்ச்சி அப்படி மாறிய உடம்பில் முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் வட்டுகளும் சீக்கிரம் இறுகி, ஒரு நாள் பிதுங்கலாம். காலையில் ஓடிய நாய் மாலையில் பின்கால் இழுபடக் கிடக்கும். அப்போது உடனே சத்திரசிகிச்சை வேண்டும். வன்னியில் அரச கால்நடை வைத்தியர்களின் நாள் பெரும்பாலும் மாட்டோடும் ஆட்டோடும் கோழியோடும் போய்விடுகிறது. முள்ளந்தண்டுக்குக் கொழும்பு, இல்லையென்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை. கிளிநொச்சியிலிருந்து ஏ9 வழியாகப் பேராதனை 250 கிலோமீற்றருக்கு மேல். அந்தத் தூரத்தை வலியில் கிடக்கும் நாயோடு வாகனத்தில் போவதை நினைத்துப் பார்த்துவிட்டுக் குட்டியைப் பாருங்கள்.

டாஷண்ட் இந்த விடயத்தில் பாசெற்றை விட மோசம். முதுகு வட்டு நோய் அதிகம் தாக்கும் இனம் எது என்று எந்த மிருக வைத்தியரைக் கேட்டாலும் முதலில் அதன் பெயரைத்தான் சொல்வார். ஆனால் 7 முதல் 15 கிலோதான், ஒரு கையில் தூக்கலாம், ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். அதற்கு வன்னியில் வேறொரு ஆபத்து இருக்கிறது. ஜேர்மனியில் வளைக்குள் புகுந்து விலங்கைப் பிடிக்க வளர்த்த நாய் அது. மூக்கை நுழைக்க ஒரு துவாரம் கண்டால் போதும், கிண்டத் தொடங்கிவிடும். தம்பியின் நாய் இங்கே வந்து நின்ற இரண்டு நாளில், வேலியோரப் புற்றுக்குள் தோள்வரை போய்விட்டது. நாகமும் புடையனும் திரியும் மண்ணில் அந்தக் குணத்தோடு எத்தனை நாள் என்று எனக்குப் பயம். மூக்கு என்றால் பீகிளும் அதே கூட்டம்தான், 10 கிலோ அளவில் கலகலப்பான நாய். ஆனால் அதை வேலிக்குள் வைத்திருப்பது பெரும்பாடு என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

வேலி என்றதும் மோப்பத்துக்கு வருவோம். மோப்பத்தில் பாசெற்றை மிஞ்ச ஒரே ஓர் இனத்தைத்தான் சொல்வார்கள், பிளட்ஹவுண்ட். மூக்கு தரையில் பட்டுவிட்டால் காது கேட்காது. புருனோ கெட்டித்தனம் இல்லாத நாய் அல்ல. கூப்பிட்டால் என் குரல் அதற்குத் தெரியும், வாலும் ஆடும், ஆனால் தலை நிமிராது. தானே முடிவெடுத்துத் தடம் பிடிப்பதற்காகவே பல தலைமுறை வளர்த்த நாயை, 'வா' என்றதும் வரவில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை. குறை எங்கள் இடத்தில். கிடுகு வேலிக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி போதும். அதற்கு அப்பால் பன்றிக்கு வைத்த கம்பித் தடம் இருக்கும், தீனிக்குள் மறைத்த பன்றி வெடி இருக்கும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இன்னும் நிற்கும் காணிகளும் இருக்கின்றன. கறுப்பியும் காட்டுப்பக்கம் போவாள், பன்றி வெடிக்கு ஊர் நாய் தப்பிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு சீழ்க்கைக்குத் திரும்பி ஓடிவருவாள். பாசெற்றை வெளியே கொண்டுபோனால் கயிற்றில்தான், பத்து வயதானாலும் கயிற்றில்தான்.

தண்ணீரும் அப்படியே. உடம்பின் பாரம் அதிகம் முன்பக்கத்தில், உதைக்கக் கால் கிடையாது. பாசெற் நன்றாக நீந்தாது, ஆழத்தில் விழுந்தால் தலை தாழும். இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட நாட்களில் புருனோவைப் படலைக்கு வெளியே விடவே இல்லை. கறுப்பியின் தாய், 2018 மார்கழி வெள்ளத்தில் முற்றத்தில் நின்ற தண்ணீரை நீந்திக் கடந்து பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஏறி நின்ற நாய்.

இனி எனக்கு அதிக வேலை தந்த காது. மற்றவர்கள் பாசெற்றின் காதை அழகு என்பார்கள். நான் அதை ஒரு மூடி என்பேன். அந்த மூடிக்குக் கீழே காற்றுப் போகாது, ஈரம் காயாது, வெப்பம் அடைந்து கிடக்கும். தண்ணீர்ச் சட்டியில் வாய் வைத்தால் இரண்டு காதும் முதலில் நனையும். நனைந்த காது மணலில் இழுபடும். மணல் ஒட்டிய காதோடு வந்து பாயில் படுக்கும். சித்திரையில் ஒரு நாள் காலை பக்கத்தில் போனபோதே புளித்த மாவு போல மணந்தது. மடலைப் புரட்டினால் உள்ளே சிவந்து, கபிலநிற அழுக்குப் படிந்திருந்தது. பூஞ்சைத் தொற்று. வைத்தியர் தந்த கழுவு திரவத்தைக் காதுக்குள் விட்டு, அடிக்காதை மெதுவாகப் பிசைந்து, நாய் தலையை உதறியபிறகு பஞ்சால் வெளியே வருவதை மட்டும் துடைக்க வேண்டும். காதுக்குச்சியை உள்ளே விடக் கூடாது. அன்றிலிருந்து கிழமைக்கு ஒரு முறை இது. அதோடு ஒவ்வொரு மாலையும் மடலைப் புரட்டி உண்ணி பார்க்க வேண்டும். பற்றை உரசி நடக்கும் உயரத்தில் வயிறு இருப்பதால் உண்ணி அள்ளிக்கொண்டு வரும். ஒரு மாலை இடது காதின் மடிப்புக்குள் மட்டும் பதினொன்று எடுத்தேன். சாம்பல் நிறத்தில் ஊதி, கடுகு முதல் உழுந்து வரை எல்லா அளவிலும் இருந்தன. உண்ணிக் காய்ச்சல் ஊர் நாயையும் விடாது. முரசு வெளிறினால், சிறுநீர் கறுத்தால், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும், எந்த நாயானாலும். ஆனால் கறுப்பியின் நிமிர்ந்த காதில் உண்ணி இருந்தால் நடந்து வரும்போதே எனக்குத் தெரியும். கண்ணும் அவளுக்குக் கவலையில்லை. புருனோவின் கீழ் இமை தொங்கிச் சிவப்புத் தெரியும். சோழகக் காற்று அள்ளும் புழுதி முழுக்க அதற்குள்தான். கொதித்து ஆறிய நீரில் நனைத்த துணியால் காலையும் மாலையும் துடைத்தேன்.

வெயிலைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. உடம்பின் வெப்பத்தை நாய் பெரும்பாலும் இரைத்துத்தான் இறக்கும். கனத்த உடம்பு, மணலுக்கு அரையடி உயரத்தில் வயிறு, மேலே 35 பாகை. புறங்கையை மணலில் வைத்து ஐந்தாறு செக்கன் தாங்க முடியாவிட்டால் அந்த மணலில் நாயை இறக்கக் கூடாது. புருனோ காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் மட்டுமே நடந்தது. பகல் முழுவதும் சீமெந்துத் தரையில், ஈரச் சாக்கின்மேல். கறுப்பி வேப்பமரத்தடியில் ஒரு குழி கிண்டி அதற்குள் படுத்துத் தன் பாட்டைப் பார்த்துக்கொண்டாள்.

காவல்? பாசெற்றின் குரல் வயலுக்கு அப்பால் கேட்கும். ஆனால் அது எல்லோரையும் விரும்பும் நாய். படலையைத் திறப்பவர் யாரானாலும் போய்ச் சாய்ந்து நிற்கும். பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் பொறுமையாகக் கிடக்கும். அந்தச் சாந்தம் வேறு நாயில் நான் பார்க்காதது. தனியே விட்டால் மட்டும் ஊளையிடும், நீளமாக, அடிவயிற்றிலிருந்து. நாய் ஊளையிட்டால் சாவு வரும் என்று நம்பும் ஊரில், பக்கத்து வீட்டு ஆச்சி மூன்று இரவு நித்திரை கொள்ளாமல் நான்காம் நாள் வந்து என்னிடம் கேட்டார். அவரைக் கூட்டிப்போய் புருனோவின் தலையைத் தடவவைத்த பிறகுதான் அடங்கினார். கறுப்பியின் குரைப்போ எங்களுக்கு ஒரு மொழி. ஆளுக்கு ஒன்று, பன்றிக்கு ஒன்று. பாம்பென்றால் நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் அசைந்து, மூச்சு விடாமல் குரைப்பாள். அந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் ரோச் லைற்றோடுதான் இறங்குவோம்.

இதற்காக ஊர் நாய்க்கு ஒன்றும் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பக்கம் நடக்கும் பெரிய பிழை அதுதான். இனம் சொல்லி வாங்கிய நாய்க்கு ஊசி, ஊர் நாய்க்கு விதி. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரசு நோய்கள் ஊர்க் குட்டிகளைத்தான் கூட்டமாகக் கொல்கின்றன. விசர்நாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டும். அரசாங்கம் கிராமம் கிராமமாக இலவசமாகப் போடுகிறது, அந்த நாளை விடாமல் கொண்டுபோனால் சரி. பெண் குட்டி என்றால் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்துவிட வேண்டும். செய்யாவிட்டால் வருடத்துக்கு இரண்டு முறை சினை, 63 நாளில் குட்டிகள், அப்புறம் சாக்கில் கட்டிச் சந்தையடியில் விடுவது. கறுப்பியை நாங்கள் எடுத்ததே அப்படி ஒரு சாக்கிலிருந்துதான்.

சாப்பாட்டில் இருவருக்கும் இடைவெளி பெரிது. கறுப்பி 16 கிலோ. குத்தரிசிச் சோறும் அவித்த மீனும் போதும். பாசெற்றுக்கு அளந்து போட வேண்டும், நாளுக்கு 300 கிராம் அளவில் தீன், இரண்டு நேரமாகப் பிரித்து. ஒரே நேரத்தில் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடினால் இரைப்பை ஊதி முறுக்கிக்கொள்ளும், மணித்தியாலங்களில் உயிர் போகும். கூடிய ஒவ்வொரு கிலோவும் முதுகுக்குப் பாரம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதித் தீன் விற்கும் விலையில், இந்தச் செலவைப் பன்னிரண்டு வருடத்துக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வெங்காயம் போட்ட கறிமிச்சம் எந்த நாய்க்கும் ஆகாது, இரத்தத்தைக் கெடுக்கும்.

அக்காவின் மகனிடம் நான் அழுத்திக் கேட்டது இவை எதையும் அல்ல. அவன் கனடா விசாவுக்குப் போட்டிருக்கிறான். போனபின் அந்த நாயை யார் தூக்குவது? அக்காவுக்கு அறுபது வயது, முழங்கால் வலி. எங்கள் ஊர்களில் பிள்ளைகள் ஆசையாக எடுத்துவிட்டு வெளிநாடு போக, தாய்மார் வளர்க்கும் நாய்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் தெரியும். ஊர் நாயை அக்கா சமாளிப்பா. பாசெற்றை முடியாது.

என் எண்ணம் இதுதான்: திறந்த வளவு, வயல், காடு, பகலில் ஆளில்லாத வீடு என்றால் ஊர்க் குட்டிதான், வேறு யோசனை வேண்டாம். கிளிநொச்சி அல்லது வவுனியா நகருக்குள் மதில் கட்டிய வீடு, படியில்லாத சீமெந்துத் தரை, நாள் முழுவதும் வீட்டில் ஒருவர், கிழமைக்கிழமை காது கழுவப் பொறுமை, கையில் அவசரத்துக்குக் காசு எல்லாம் இருந்தால் பாசெற் மாதிரி அன்பான துணை கிடையாது. அதிலும் குட்டியைப் படத்தில் பார்த்து எடுக்கக் கூடாது. தாய் நடக்கும் நடையைப் போய்ப் பார்க்க வேண்டும், தாயின் காதையும் இமையையும் பார்க்க வேண்டும். தாயைக் காட்ட மறுப்பவரிடம் இனப் பத்திரம் எவ்வளவு இருந்தாலும் வாங்கக் கூடாது.

புருனோ போன அன்று வேனில் ஏற்ற நான்தான் தூக்கினேன், மட்டமாக, இரண்டு கையிலும். கறுப்பி படலைவரை வந்தாள். அக்காவின் மகன் நேற்று மறுபடி தொலைபேசி எடுத்தான். கொழும்புக் குட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றுக்குக் கட்டு எத்தனை அடி உயர்த்த வேண்டும் என்று மட்டும் கேட்டான். மூன்று அடி என்றேன்.